உயர்மலைக் காட்டிற் பாசறை

பாசறை என்னுஞ் சொல் நமது பழைய இலக்கியங்களிற் பகைமேற் சென்ற மன்னன் படையோடு தங்கிய இடத்தைக் குறிக்கும். முல்லைப்பாட்டிலே அத்தகைய பாசறையொன்றின் வருணனை வருகின்றது. காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்திலே, பசுஞ்செடிகளை வெட்டியகற்றி, வேட்டுவருடைய அரண்களை அழித்து, முள்ளினாலே வேலி வளைத்து, அதனுள்ளே படை தங்குகின்றது. பிற்காலத்தில் அச்சொல்லை நம் சாரணச் சிறுவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பாசறையோ முல்லைப்பாட்டின் பாசறைக்கு முற்றிலும் மாறானது. அதனை அமைப்பவன் ஒரு செடியையும் வெட்டலாகாது. மண்ணைக் கிளறிச் சமப்படுத்தலாகாது. அவன் சென்ற பின்னர், அங்கு ஒருவன் இரவு தங்கினான் என்பதற்கு அடையாளமே இருத்தலாகாது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியிலே, ரொக்கி மலைத்தொடரிலும் அதனையொத்த பிற மலைகளிலும், இவ்வகைப் பாசறை பெருவழக்காயிருக்கின்றது. 'சிதறிய பாசறை' என்று பொருள்படும் பெயரால் அந்நாட்டார் இதனை வழங்குகின்றனர். அரசாங்கம் அமைத்த பாசறைத் தளங்கள் அங்கே வேறு உள்ளன. அவற்றிலே குழாய்நீர் இருக்கும், மலசலகூடம் இருக்கும், மேசையும் வாங்கும் இருக்கும், ஓரிரவுக்கு இவ்வளவு என்று கட்டணமும் இருக்கும். சிதறிய பாசறைக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. தேசிய காட்டின் எல்லைக்குள்ளே, தடைசெய்யப்படாத எவ்விடத்திலும், எவரும், பணங்கொடாமல், இடம் முன்பதிவு செய்யாமல், கூடாரம் அடித்துத் தங்கலாம். ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கலாகாது என்பது பெரும்பாலான காடுகளிலுள்ள விதி. மோட்டார் வண்டியிற் சென்று காட்டுப் பாதையோரத்தில் தங்குவோரும் உளர். ஆயின், முதுகிலே மூட்டையைச் சுமந்து, வண்டி செல்லாத உயர்மலைக்கு நடந்து செல்வோரின் பாசறையைப் பற்றியே நான் சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். ஏனெனில், காவலனும் இல்லாத, கடையும் இல்லாத அந்த இடத்திலேதான், மனிதன் எதனைத் தெரிந்து வைத்திருக்கின்றான் என்பது உண்மையாகவே சோதிக்கப்படுகின்றது.

இத்துணைப் பெரிய நிலம் எவ்வாறு பொதுமக்களுக்கு உரியதாயிற்று என்று நேயர்கள் கேட்டல் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவணிகரும் சுரங்க முதலாளிகளும் மேற்குக் காடுகளை மளமளவென்று அழித்துவந்தனர். 1891 இல் நிறைவேறிய ஒரு சட்டம், காட்டு நிலத்தை விற்பனையினின்றும் விலக்கி ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு அளித்தது. 1905 இல் வனச் சேவை என்னும் திணைக்களம் தோன்றியது. அதன் முதற் தலைவர் கிபர்ட் பின்ஷோ. இன்று அத்திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள நிலம் ஏறக்குறைய 19 கோடி 30 இலட்சம் ஏக்கர். நமது இலங்கைத் தீவைப் போலப் பன்னிரண்டு தீவுகளைச் சேர்த்துவைத்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. தேசியப் பூங்காக்கள் வேறு. அவை வேறொரு திணைக்களத்தின்கீழ் உள்ளவை. அங்கே நுழைவுக் கட்டணமும் அனுமதிச்சீட்டும் பெரும்பாலும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் அந்நாட்டிலேயே பலர்.

இக்காடுகளின் நடுவே, இன்னும் கடுமையான காப்புக்குரிய பகுதிகள் சில உள. 1964 செப்டெம்பர் 3 ஆந் திகதி சனாதிபதி லிண்டன் ஜோன்சன் ஒப்பமிட்ட வனாந்தரச் சட்டம் அவற்றைத் தோற்றுவித்தது. அங்கே வீதி அமைத்தல் கூடாது. கட்டடம் எழுப்பல் கூடாது. மோட்டார் வண்டி மாத்திரமன்று, துவிச்சக்கர வண்டியுங்கூட ஓடலாகாது. மனிதன் அங்கே வந்து செல்பவனேயன்றித் தங்கி வாழ்பவனல்லன் என்பதே அச்சட்டத்தின் உட்கிடை. அதனை வரைந்தவர் ஹோவர்ட் சானைசர் என்னும் அறிஞர். எட்டாண்டுகளாக அறுபதுக்கும் மேற்பட்ட முறை அதனைத் திருத்தித் திருத்தி எழுதிய அவர், சட்டம் நிறைவேறுதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் இறந்துபோனார். தொடக்கத்தில் 91 இலட்சம் ஏக்கருக்கு வழங்கிய இக்காப்பு, இப்பொழுது 11 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு விரிந்துள்ளது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. மனிதன் வந்து செல்பவன் மாத்திரமே என்று சட்டம் கூறினும், அம்மலைகளில் நெடுங்காலம் வாழ்ந்த மக்கள் இருந்தனர். கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள சான் ஹுவான் மலைகள் யூட் என்னும் ஆதிக்குடிகளின் நிலமாயிருந்தவை. பொன்னும் வெள்ளியும் தேடி வந்தோரின் நெருக்குதலினால், 1873 இல் செய்யப்பட்ட புரூணோ உடன்படிக்கையின் மூலம் அம்மலைகள் அவர்களிடமிருந்து பெறப்பட்டன. அங்குள்ள மிகப் பெரிய வனாந்தரத்திற்கு இன்று வழங்கும் வெமினூச்சி என்னும் பெயர் யூட் மக்களின் ஒரு கிளையாருடைய பெயரேயாகும். மக்களை அகற்றிய பின்னர் பெயரை மாத்திரம் நிலத்திற்கு இட்டுவைத்தல் உலகிற் பலவிடத்தும் காணப்படும் வழக்கந்தான். கட்டணமின்றிக் கிடைக்கும் நிலத்திற்கு முன்னரே ஒருவர் விலை கொடுத்திருக்கின்றார் என்பதை அங்கே கூடாரம் அடிப்பவர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இந்த வெமினூச்சி வனாந்தரத்தையே நமது பேச்சுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1975 இல் அமைக்கப்பட்ட இது, ஐந்து இலட்சம் ஏக்கருக்குச் சற்றே குறைந்த பரப்புடையது. டுராங்கோ என்னும் நகரிலிருந்து சில்வர்டன் என்னும் பழைய சுரங்க ஊருக்கு, 1882 இல் முடிக்கப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதையொன்று ஆற்றோரமாகச் செல்கின்றது. இடைவழியிலே நீடில்டன் என்னும் தரிப்பிடம் உண்டு. அங்கே வீதியில்லை, ஊருமில்லை. வண்டி நின்று, மூட்டை சுமந்தோர் இறங்கியவுடன் போய்விடும். அங்கிருந்து ஓடையொன்றின் வழியே ஆறு மைல் தூரம், ஏறக்குறைய 3,000 அடி உயரம் ஏறினால், சிக்காகோ பேசின் என்னும் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கை அடையலாம். அதனைச் சூழ்ந்து 14,000 அடிக்கு மேலுயர்ந்த சிகரங்கள் நிற்கின்றன. பாசறையிடும் பள்ளத்தாக்கே கடல்மட்டத்திலிருந்து 11,000 அடி உயரத்தில் இருக்கின்றது. நமது நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை 8,281 அடி என்பதை எண்ணிப் பார்ப்போமாயின், அங்கே படுத்துறங்கும் இடத்தின் உயரம் ஒருவாறு விளங்கும்.

அவ்வுயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கேயாகும். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவிற் குறைவு. 8,000 அடிக்கு மேற் சென்று உறங்குவோர்க்கு மலைநோய் வரக்கூடும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்பன அதன் முதற் குறிகள். நல்ல உடற்பயிற்சியுள்ள இளைஞனுக்கு வராது என்று எண்ணுதல் தவறு. வலிமையுள்ளவனே விரைந்து ஏறுகின்றான். விரைந்து ஏறுபவனையே அது விரைந்து பற்றுகின்றது. 9,000 அடிக்கு மேற் சென்ற பின்னர், ஒரு நாளில் உறங்குமிடத்தின் உயரத்தை 1,600 அடிக்கு மேற் கூட்டலாகாது என்பது மருத்துவர் கூறும் அளவு. கடற்கரை நகரிலிருந்து விமானத்தில் வந்து, மறுநாட் காலையிலே புகையிரதம் ஏறி, மாலையிலே 11,000 அடியிற் படுப்பவன் இவ்வளவைத் தாண்டிவிடுகின்றான். ஆதலால், 9,300 அடி உயரத்திலுள்ள சில்வர்டனில் இரண்டொரு இரவு தங்கிப் பின்னர் மேலே செல்லுதல் அறிவுடைமை. மூச்சுத்திணறலோ, நடை தள்ளாடுதலோ, அறிவு மயங்குதலோ காணப்பட்டால், இரவென்றும் பாராது கீழே இறக்குதலே முதற் சிகிச்சை. விடியட்டும் என்று காத்திருந்து உயிரிழந்தோர் உண்டு.

சோறுண்டு பழகிய நமக்கு வியப்பளிக்கும் செய்தியொன்று. அங்கே நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 89 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகெரித்தாலும் மூடியில்லாப் பானையின் நீர் அதற்குமேற் சூடேறாது. ஆகவே அரிசி நெடுநேரம் வேகாமற் கிடக்கும். பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதனாலேதான் மலையேறுவோர் முன்னரே சமைத்து உலர்த்திய உணவைச் சுமந்து செல்கின்றனர். குடிநீரும் காய்ச்சியோ வடித்தோதான் குடிக்கப்படல் வேண்டும். பனியுருகி ஓடிவரும் ஓடை பளிங்குபோலத் தெளிந்திருக்கும்; ஆயினும், விலங்குகளின் கழிவிலிருந்தும் மனிதரின் கழிவிலிருந்தும் நீரிற் கலக்கும் ஜியாடியா என்னும் நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் உண்டாகும் வயிற்றோட்டம் வாரக்கணக்கில் நீடிக்கும். சமவெளியிலே நீரை ஒரு நிமிடம் கொதிக்கவைத்தாற் போதும்; 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடல் வேண்டும்.

இனி, கூடாரத்திற்கு இடந்தெரிதல். ஓடையருகே பசும்புல் படர்ந்த தாழ்நிலத்தைக் கண்டவுடன் எவருக்கும் அங்கேயே மூட்டையை இறக்க மனம்வரும். அனுபவமுள்ளவன் அங்கே இறக்கமாட்டான். இரவிலே குளிர்காற்று நீரைப்போலச் சரிவிலிறங்கிப் பள்ளத்திலே தேங்கும். பள்ளத்தின் அடிக்கும், அதற்குச் சற்று மேலேயுள்ள திட்டிற்கும் இடையே உறக்கத்தையே கெடுக்குமளவு வெப்பவேறுபாடு இருத்தல் உண்டு. யூலை மாதத்திலும் அவ்வுயரத்திலே பனிக்கட்டி உறையும் இரவுகள் வரும். சற்று மேலே சென்று மரங்களினிடையே இடந்தேடினால், தலைக்குமேலும் நோக்குதல் வேண்டும். கடந்த கால் நூற்றாண்டாகத் தேவதாரு இனத்து மரங்களை ஒருவகை வண்டு துளைத்து அழித்துவந்தமையால், சான் ஹுவான் மலைகளிலே பட்டுப்போன மரங்கள் காடுகாடாக நிற்கின்றன. காற்றடிக்காத நாளிலும் அவை முறிந்து விழக்கூடும்.

மரங்களைக் கடந்து மேலே போனால் என்ன? ஏறக்குறைய 11,500 அடிக்கும் 12,000 அடிக்கும் இடையிலே மரவெல்லை முடிவடைகின்றது. அதற்கு மேலே புல்லும் பாறையுமேயன்றி மறைவென்பதில்லை. யூலை, ஓகஸ்ட் மாதங்களிற் பிற்பகல்தோறும் அங்கே இடிமுகில் திரளும். காலையிலே துளிமேகமின்றி நீலமாயிருந்த வானம் நண்பகல் கழிந்து ஒரு மணிநேரத்திற் கருகிவிடும். துணிக்கூடாரம் மின்னலுக்கு எவ்விதத்திலும் காப்பன்று. அதனாலேதான் சிகரம் ஏறுவோர் இருளிலேயே புறப்பட்டு, நண்பகலுக்குள் மரவெல்லைக்குக் கீழே இறங்கிவிடுகின்றனர்.

நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது வளர்ந்தோரின் எழுபது காலடி, விலகிப் பாசறையிடுதல் நல்வழக்கம். நீரைக் காத்தல் ஒரு காரணம். நீரருந்த வரும் விலங்கினங்களை மறியாதிருத்தல் மற்றொரு காரணம். மான் கூட்டம் மாலையில் ஓடைக்கு வரும்பொழுது அங்கே நான்கு கூடாரங்களும் ஒரு விளக்கும் இருக்குமாயின், அது தாகத்தோடு திரும்பிப்போகும்.

சிதறிய பாசறை என்ற பெயரிலுள்ள 'சிதறுதல்' என்பதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். எங்கும் பரந்து தங்குதலே எப்போதும் நன்று என்பது அதன் பொருளன்று. ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை நாம் எதிர்பாராதது. மிதியாத நிலத்திலே பெருந்தீங்கு நேர்வது முதற் சில இரவுகளிலாகும். பத்து இரவிற் செடி முற்றாக அழிந்த இடத்தில் நூறாவது இரவு தங்குபவன் புதிதாய் அழிப்பது மிகச் சிறிது. ஆகவே, பலரும் செல்லும் பள்ளத்தாக்கிலே, முன்னரே மண் வெளிப்பட்டுக் கெட்டிப்பட்ட இடத்தைத் தெரிந்து அதிலேயே தங்குதல் வேண்டும். எவரும் செல்லாத இடத்திலோ, பாறையிலோ மணலிலோ உலர்ந்த புல்லிலோ தங்கி, மறுநாளே பெயர்ந்து, ஒரேயிடத்தை இருவர் மிதியாதபடி சிதறுதல் வேண்டும். இரண்டுக்கும் நடுவான இடம், அதாவது சற்றே மிதிபட்டுச் சற்றே வாடிய புற்றரை, அதுவே தொடலாகாத இடம். விட்டுவிட்டால் தானே தேறும். இன்னும் இருவர் தங்கினால் நிலையான வடுவாகிவிடும். பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலின் குறுக்கே மாணவர் நடந்து நடந்து உண்டாக்கும் ஒற்றையடிப் பாதையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மரவெல்லைக்கு மேலுள்ள நிலம் இன்னும் மென்மையானது. ஆண்டிலே சில கிழமைகளே வளரும் காலம் வாய்த்த செடிகள் அவை. விரல்நகம் அளவான பூவுடைய ஒரு சிறு செடி வேர்பிடித்துப் பரவப் பல ஆண்டுகள் செல்லும். கொலராடோவின் ரொக்கி மலைத் தேசியப் பூங்காவில், பியாத்திரிஸ் வில்லார்ட் என்னும் தாவரவியல் அறிஞர், 1950 களின் இறுதியில் மிதிபட்டழிந்த சில துண்டு நிலங்களை வேலியிட்டுப் பல்லாண்டு கவனித்துவந்தார். கடுமையாக மிதிபட்ட இடம் முன்னைய நிலையை அடைய நூற்றாண்டுகள் செல்லும் என்பது அவர் கண்ட முடிவு. ஒரு கோடை விடுமுறையிற் செய்ததை நம் பேரரின் பேரருங் காண்பர்.

அடுத்துக் கூறப்போவது சபையிற் பேசத் தயங்கும் பொருள். ஆயினும் மலைக்காட்டிலே அதுவே முதன்மையான பொருள். மலசலகூடம் இல்லாத இடத்திலே கழிவை என் செய்வது? நீர்நிலைக்கும் பாதைக்கும் பாசறைக்கும் 200 அடி விலகி, ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழமான குழிதோண்டி, மூடிவிடல் வேண்டும். கடதாசியைத் திரும்பச் சுமந்து வருதல் மேல். சமவெளி மண்ணிலே விரைவில் மக்கிப்போவது, குளிர்ந்த, மெலிந்த மலைமண்ணில் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். மரவெல்லைக்கு மேலே மண்ணே இல்லாத இடங்களில், கழிவையும் உறையிலிட்டு மூட்டையிற் கொண்டு இறங்குவோர் இப்பொழுது பெருகிவருகின்றனர். கேட்டவுடன் முகஞ்சுளிப்போம், ஆனாற் கீழே அந்த நீரைத்தான் ஊர்கள் குடிக்கின்றன.

சிறுநீருக்குங்கூட அங்கே ஒரு முறையுண்டு. சிக்காகோ பேசினில் மலையாடுகள் பல. வெண்ணிறமும் தாடியும் உடைய அவ்விலங்குகளுக்கு உப்பின்மேல் அடங்காத ஆசை. மலையிலே உப்புக் கிடைப்பது அரிது. மனிதனுடைய சிறுநீரிலே அது உண்டு. ஆகவே மனிதன் புல்லிலே சிறுநீர் கழித்துவிட்டுப் போனால், ஆடுகள் வந்து அவ்விடத்து மண்ணையுஞ் செடியையும் குளம்பாற் கிளறிப் பறித்து நக்கும். பாறையின்மேற் கழிக்குமாறு வனச் சேவையார் அறிவுறுத்துவது இதனாலேயே. வியர்வை ஊறிய மூட்டைப்பட்டிகளையும் அவை மென்றுவிடும். மனிதரைக் கண்டு அஞ்சியோட வேண்டிய விலங்கு அவர் பின்னே உப்புக்காகச் சுற்றித்திரிவது, பார்ப்பவர்க்கு வேடிக்கை, விலங்கிற்கு நன்மையன்று.

கரடியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கொலராடோவில் இப்பொழுதுள்ளவை கருங்கரடிகள். சாம்பற் கரடியில் அறியப்பட்ட கடைசியொன்று சான் ஹுவான் மலைகளிலே 1979 இற் கொல்லப்பட்டது. கருங்கரடி இயல்பாக மனிதனை விட்டு விலகிச் செல்லும். ஆனால் ஒருமுறை பாசறையிலே மீன் தகரமோ இனிப்போ கிடைத்துவிட்டால் அச்சம் போய்விடும். பின்னர் கூடாரங்களைத் தேடி வரும். ஈற்றில் அதனைச் சுட்டுக்கொல்ல நேரும். உணவை உரமான உருளைப் பேழையில் இட்டுப் பூட்டியோ, எட்டாத உயரத்தில், அடிமரத்தினின்றும் விலகிக் கயிற்றிலே தூக்கியோ வைத்தல் வேண்டும். பற்பசையும் சவர்க்காரமுங்கூட அதனோடு சேரும். மணமுள்ளதெல்லாம் கரடிக்கு உணவே. கூடாரத்துள் உணவு வைத்துறங்குபவன் தனக்கு மாத்திரமன்றி அடுத்த கிழமை வருபவனுக்கும் ஆபத்தை ஏற்படுத்துகின்றான்.

தீயைப் பற்றிச் சிறிதே சொல்வேன். பாசறையென்றாற் தீ மூட்டிச் சூழ்ந்திருந்து பாடுதல் என்று நம் மனத்திற் பதிந்திருக்கின்றது. உயர்மலையில் விறகு அரிது. அங்கு ஒரு மரம் கைத்தடியளவு பருக்க மனித ஆயுள் செல்லும். சிக்காகோ பேசின் இருக்கும் ஓடைப்பள்ளத்தாக்கு முழுவதிலும் தீ மூட்டுதல் தடுக்கப்பட்டுள்ளது. சிறு வாயு அடுப்பே சமையலுக்கு உதவும். தடையில்லாத இடத்திலும், தீ அணைந்ததா என்பதைக் கண்ணாலன்றிக் கையால் அறிதல் வேண்டும். நீரூற்றி, கிளறி, மீண்டும் நீரூற்றி, சாம்பலைத் தொட்டால் குளிர்ந்திருத்தல் வேண்டும். 2016 யூலையில், கொலராடோவின் நெடர்லண்ட் என்னும் சிற்றூரினருகே பாசறையிட்டிருந்தோர் முற்றாக அணையாது விட்ட தீ பரவி, 500 ஏக்கருக்கு மேல் எரிந்தது; எட்டு வீடுகள் அழிந்தன. அத்தீக்கு வழங்கிய பெயர் 'குளிரூற்றுத் தீ' என்பது ஒரு விந்தை.

இதுகாறும் கூறியவற்றுட் பெரும்பாலானவற்றைப் பார்த்திருந்து நடைமுறைப்படுத்துவோர் எவருமில்லை. பல இலட்சம் ஏக்கருக்கு விரல்விட்டெண்ணத்தக்க காவலரே இருப்பர். ஆகவே இவ்வுரிமை நீடிப்பதும் நீங்குவதும் தங்குவோரின் நடத்தையைப் பொறுத்தது; நீங்கியும் வருகின்றது. கொலராடோவின் ஆஸ்பென் நகருக்கு அப்பால், எட்டரை மைல் நடந்து அடையவேண்டிய கொனன்றம் வெந்நீரூற்று என்னும் இடமொன்று உண்டு. 11,200 அடி உயரத்திலே இயற்கையான சுடுநீர்க் குளம். அதன் புகழ் படத்தாலும் பேச்சாலும் பரவவே, கூட்டங் கூட்டமாக மக்கள் சென்று குப்பையையும் கழிவையும் விட்டுவந்தனர். 2018 தொடக்கம் அங்கே இரவு தங்க முன்பதிவு செய்த அனுமதிச்சீட்டு இன்றியமையாததாயிற்று. 2020 இன் பெருந்தொற்றுக் காலத்திலே வீட்டில் அடைபட்ட நகரமக்கள் காடுகளுக்குப் பெருகிவந்தனர். அதன்பின், 2021 இல், கிறெஸ்டட் பியூட் என்னும் மலையூரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலே, விரும்பியவிடத்தில் தங்கும் வழக்கம் நிறுத்தப்பட்டு, எண்ணிட்ட இடங்களிலே மாத்திரம் தங்கலாம் என்றாயிற்று.

காவலரை மிகுத்து, சீட்டுக் கொடுத்து, தொகையைக் கட்டுப்படுத்தினால் என்ன என்று கேட்போர் உளர். நிலத்தைக் காக்க அது தேவைப்படுமிடத்து நான் அதனை மறுக்கமாட்டேன். ஆனால் ஆறுமாதம் முன்னரே கணினியின்முன் காத்திருந்து சீட்டுப் பெறக்கூடியவர் யார்? விடுமுறை நாளை முன்னரே அறிந்தவரும் ஓய்வுள்ளவருமேயாவர். சனிக்கிழமை மாலையில் வேலை முடிந்து, ஒரு கூடாரத்தையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் தொழிலாளிக்கு, பணமும் சீட்டும் கேளாத காடு ஒரு பெரும்பேறு. அது மூடப்படும்பொழுது முதலில் இழப்பவன் அவனே. இன்னுமொரு வகுப்பார் உளர். உல்லாசப் பயணிகள் நிறைந்த மலையூர்களில் வீட்டுவாடகை ஏறிவிட்டமையால், அவ்வூர் உணவுச்சாலைகளில் உழைப்போர் சிலர் வண்டியிலோ கூடாரத்திலோ காட்டோரத்தில் வாழ்கின்றனர். 14 நாள் விதி அவர்களைப் பதினைந்தாம் நாள் வேறிடத்துக்குப் பெயர்க்கின்றது. அவர்களுக்குப் பாசறை பொழுதுபோக்கன்று, வீடு. இச்சிக்கலைக் காட்டதிகாரி தீர்த்தல் இயலாது. ஊர்தான் தீர்த்தல் வேண்டும்.

இனி, காட்டிற்குச் செல்லுமுன் வீட்டிலே செய்யவேண்டிய செயலொன்று உண்டு. அம்மலைகளிற் பெரும்பாலான இடங்களிற் தொலைபேசி எட்டாது. கால் முறிந்தவன் கூவினாற் கேட்பார் இல்லை. கொலராடோவிலே காணாமற் போனோரைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். ஆசிரியர், தச்சர், கடைக்காரர் முதலியோர். இரவென்றும் மழையென்றும் பாராமற் புறப்படும் அவர்கள் மீட்கப்பட்டவரிடம் கட்டணம் பெறுவதுமில்லை. ஆயின், எங்கே தேடுவது என்று தெரிந்தாலன்றி அவர்களால் என் செய்ய முடியும்? எந்தப் பாதையால் ஏறுவேன், எந்தப் பள்ளத்தாக்கிலே தங்குவேன், கூடாரத்தின் நிறம் யாது, வண்டி எங்கே நிற்கும், எந்நாள் எந்நேரத்துள் திரும்பாவிடில் மாவட்டப் பொலிசுத் தலைவருக்கு அறிவிக்கவேண்டும் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி, பொறுப்புள்ள ஒருவர் கையிற் கொடுத்துவிட்டுச் செல்லுதல் வேண்டும். எழுதியபடியே நடத்தலும் வேண்டும். வழியிலே வேறொரு பள்ளத்தாக்கு அழகாயிருக்கின்றது என்று அங்கே திரும்பிவிட்டால், அந்தத் தாள் தேடுவோரை வெற்றுமலைக்கு அனுப்பிவிடும்.